தோற்காத அணியும் தோற்ற மனிதரும்



போன ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். சிவப்புச் சட்டை, முதுகில் ஒரு எண், அதற்கு மேல் வாயில் நுழையாத ஒரு பெயர். ஆர்சனல் அணியின் சட்டையாம். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"தாத்தா, ஒரு மேட்ச்கூட தோக்காம இங்கிலாந்து லீக் ஜெயிச்ச ஒரே டீம் எங்க ஆர்சனல்தான், தெரியுமா? 2003-04ல. 38 மேட்ச். 26 வின், 12 டிரா. லாஸ் சைபர்!"

புள்ளிவிவரம் சரி. இப்படிப் பாடப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்தால் அவன் அம்மா சந்தோஷப்படுவாள். ஆனால் "ஒரே டீம்" என்றானே, அதை என்னால் சும்மா விட முடியவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு வரலாறு நடத்திய வாய்.

"ஒரே டீம் இல்லடா. அதுக்கு 115 வருஷம் முன்னாடியே இன்னொரு டீம் அதைச் செஞ்சாச்சு. பிரெஸ்டன் நார்த் எண்ட்."

"அது எந்த டீம்? பிரீமியர் லீக்ல இல்லையே?"

அவன் சொன்னதும் சரிதான். பிரெஸ்டன் அணி பிரீமியர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. 1961ல் முதல் பிரிவிலிருந்து இறங்கியது, இன்னும் திரும்பி ஏறவில்லை. ஆனால் உலகத்தின் முதல் கால்பந்து லீக்கில் முதல் சாம்பியன் அதுதான். அந்த முதல் சீசனில் அது ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதே ஆண்டு எஃப்.ஏ. கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. அப்போது அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் "இன்வின்சிபிள்ஸ்", வெல்ல முடியாதவர்கள். ஆர்சனலுக்கும் அதே பட்டத்தைத்தான் பின்னால் சூட்டினார்கள்.

பேரனுக்கு அன்று பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. மீதியைக் கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை, கிளம்பிவிட்டான். அந்த மீதிக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பிரெஸ்டன், இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயரில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடம் நினைவிருக்கிறதா? ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன், கார்ட்ரைட் என்று வரிசை மாறாமல் சொல்லாமல் யாரும் என் வகுப்பைத் தாண்டியதில்லை. அதில் இரண்டாவது ஆள், நீர்ச்சக்தியால் நூல் நூற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட், 1732ல் பிறந்தது இந்தப் பிரெஸ்டனில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரில் எங்கு பார்த்தாலும் பஞ்சாலைப் புகைபோக்கிதான். 1853-54ல் கூலி உயர்வு கேட்ட தொழிலாளிகளை உள்ளே விடாமல் மாதக்கணக்கில் ஆலைகளைப் பூட்டி வைத்தார்கள். அதைப் பார்க்க சார்லஸ் டிக்கன்ஸ் நேரில் போனார்.

நமக்கும் அந்த ஊர்களுக்கும் கணக்கு உண்டு. லங்காஷயர் நெய்த துணிக்கு அன்றைக்குப் பெரிய சந்தை இந்தியாதான். நம் நெசவாளர் தறி நின்றதற்கும் அந்தப் புகைபோக்கிகளுக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அங்கே தறி ஓட்டியவன் ராஜாவாக வாழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அதுவும் நினைவிருக்கட்டும்.

இந்தத் தொழிலாளிக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சட்டம்தான் சம்பந்தம். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் துணி ஆலைகளை நிறுத்த வேண்டும். தொழிலாளிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அரை நாள் கையில் கிடைத்தது. ஞாயிறு தேவாலயத்துக்குப் போய்விடும், சனி மதியம் அவனுடையது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கால்பந்து என்பது ஊர் வழக்கமானதே இப்படித்தான். ஆலைச் சங்கு ஊதும், கூட்டம் நேரே மைதானத்துக்குப் போகும்.

ஆனால் விளையாட்டின் விதிகளும் நிர்வாகமும் தொழிலாளி கையில் இல்லை. 1863ல் லண்டனில் கால்பந்துச் சங்கத்தை அமைத்தவர்கள் பெரிய பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்த கனவான்கள். அவர்களுக்கு ஒரு கொள்கை: காசுக்கு விளையாடுவது இழிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா சொத்து இருப்பவனுக்கு அது சுலபம். சனிக்கிழமை வேறு ஊரில் ஆட்டம் என்றால் அரை நாள் கூலி போகும், ரயில் கட்டணம் போகும், கால் உடைந்தால் மாதக் கூலியே போகும் என்பவனுக்கு அந்தக் கொள்கை ஒரு பூட்டிய கதவு. 1883ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வடக்கே கொண்டுபோனது. அதுவரை லண்டன்காரர்களும் கனவான்களும் மட்டுமே வைத்திருந்த கோப்பை அது.

இனி நம் கதாநாயகருக்கு வருகிறேன். வில்லியம் சூடெல். பிரெஸ்டனில் குட்ஏர் குடும்பத்தின் பஞ்சாலைக்கு மேலாளர். பிரெஸ்டன் நார்த் எண்ட் முதலில் ஒரு கிரிக்கெட் கிளப்பாகத் தொடங்கியது. பிறகு ரக்பி ஆடிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1880 வாக்கில் கால்பந்துக்கு மாறினார்கள். ஆரம்பத்தில் பக்கத்து ஊர்க்காரர்களிடமெல்லாம் அடி வாங்கினார்கள். சூடெல் பார்த்தார். நல்ல ஆட்டக்காரர் உள்ளூரில் இல்லையென்றால் இருக்கிற இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்று முடிவெடுத்தார். இருக்கிற இடம் ஸ்காட்லாந்து.

அப்போது இங்கிலாந்துக்காரர் ஆட்டம் வேறு மாதிரி. பந்து யார் காலில் இருக்கிறதோ அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார், மற்றவர் பின்னால் ஓடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர் பந்தைத் தட்டித் தட்டி ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடுவார்கள். இந்தப் புது ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கற்றுக்கொடுத்ததால் அவர்களுக்கு "ஸ்காட்ச் புரொஃபசர்கள்" என்று பெயர். பேராசிரியர்கள்! ஓடு வேய்பவரும் தச்சரும் பேராசிரியரான காலம். எடின்பரோவிலிருந்து வந்த நிக் ராஸ் அப்படி ஓடு வேய்பவர்தான். 1883ல் சூடெல் அவரை அழைத்து வந்தார். தம்பி ஜிம்மி ராஸும் வந்து சேர்ந்தார். ஜான் குடால் வந்தார். லண்டனில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். வந்தவர்களுக்குச் சூடெல் ஆலையிலும் ஊரிலும் வேலை பார்த்துக் கொடுத்தார். அது பாதி வேலை, மீதி ஆட்டம். உறையில் காசும் உண்டு. கரும்பலகையில் கோடு போட்டு ஆட்ட உத்தி விளக்கினார் என்றும் சொல்வார்கள். என் இனம்.

1884 ஜனவரியில் கோப்பைப் போட்டியில் அப்டன் பார்க் என்ற லண்டன் அமெச்சூர் அணியோடு ஆட்டம். 1-1 என்று முடிந்தது. பிரெஸ்டன் காசு கொடுத்து ஆள் வைத்து ஆடுகிறது என்று அப்டன் பார்க் புகார் கொடுத்தது. இந்த மாதிரிப் புகார் வந்தால் எல்லாக் கிளப்களும் ஒரே பதில்தான் சொல்லும். இல்லவே இல்லை, வேண்டுமானால் கணக்கைப் பாருங்கள் என்று. கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

சூடெல் மறுக்கவில்லை. ஆமாம், கொடுக்கிறோம், மற்றவர்களும் கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிரெஸ்டனை அந்த ஆண்டுக் கோப்பையிலிருந்து வெளியேற்றினார்கள். உண்மை சொன்னதற்குக் கிடைத்த சன்மானம் அது. ஆனால் ஒருவர் உண்மையைப் போட்டு உடைத்த பிறகு மற்றவர்களால் பொய்யைத் தொடர முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் முப்பதுக்கும் மேற்பட்ட கிளப்கள் கூடி, எங்களுக்குத் தனிச் சங்கம் என்று மிரட்டின. முன்னால் நின்றவர் சூடெல். கடைசியில் 1885 ஜூலை 20ஆம் தேதி காசுக்கு விளையாடுவது சட்டப்படி சரி என்று கால்பந்துச் சங்கம் ஒப்புக்கொண்டது. தொழிலாளி, தன் உடம்பின் திறமைக்கு நிமிர்ந்து நின்று கூலி வாங்கலாம் என்று ஆனது அன்றுதான். இன்று பேரன் சட்டையில் பெயர் இருக்கும் ஆட்டக்காரர் வாங்கும் கோடிகளுக்கு வேர் அந்த ஒப்புதலில் இருக்கிறது.

அணி வளர்ந்தது. 1887 அக்டோபரில் ஹைடு அணியை 26-0 என்று அடித்தார்கள். எழுத்துப் பிழை இல்லை, இருபத்தாறு! எஃப்.ஏ. கோப்பையில் இன்றுவரை அதுவே பெரிய வெற்றி. அதே சீசனில் 1888 மார்ச்சில் இறுதி ஆட்டம், எதிரே வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். ஆட்டத்துக்கு முன்பே கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளலாமா, அப்புறம் சட்டை அழுக்காகிவிடும் என்று பிரெஸ்டன்காரர்கள் கேட்டார்களாம். முதலில் ஜெயித்துவிட்டு வாருங்களேன் என்று நடுவர் மேஜர் மரிண்டின் சொன்னாராம். உண்மையோ கதையோ, தோற்றது உண்மை. 2-1. தேர்வுக்கு முன்னாலேயே ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க வந்த சில முகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த மாதத்திலேயே வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரர்களுக்கு வாராவாரம் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் ஆட்டம் வாராவாரம் நிச்சயம் இல்லை. கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் அப்புறம் வேடிக்கை பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? நட்பு ஆட்டம் என்று தேதி கொடுத்த அணி கடைசி நேரத்தில் வராமல் விட்டுவிடும். ஆஸ்டன் வில்லா கிளப்பின் வில்லியம் மெக்ரெகர், பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர், 1888 மார்ச் 2ஆம் தேதி சில கிளப்களுக்குக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடினால் என்ன என்பது யோசனை. ஏப்ரல் 17ஆம் தேதி மான்செஸ்டரில் கூடி "ஃபுட்பால் லீக்" என்று பெயர் வைத்தார்கள். பன்னிரண்டு அணிகள். ஆறு லங்காஷயரிலிருந்து, ஆறு நடு இங்கிலாந்திலிருந்து. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. லீக் என்பது ஆலை ஊர்களின் பிள்ளை.

1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை. முதல் லீக் ஆட்டங்கள். பிரெஸ்டன் தன் டீப்டேல் மைதானத்தில் பர்ன்லியை 5-2 என்று வென்றது.

தேதியைக் கவனித்தீர்களா? அதற்கு நான்கு நாள் முன்புதான், செப்டம்பர் 4ஆம் தேதி, பம்பாயிலிருந்து ஒரு பதினெட்டு வயதுப் பையன் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. உலகத்தின் முதல் லீக் ஆட்டங்கள் நடந்தபோது அவர் நடுக்கடலில். இதற்கு மேல் இதில் அர்த்தம் எதுவும் இல்லை, ஆனால் வரலாற்று ஆசிரியனுக்கு இப்படித் தேதிகளை அடுக்கிப் பார்ப்பதில் ஒரு சுகம்.

அன்றைய ஆட்டம் இன்றைய மாதிரி இல்லை. கோலுக்கு வலை கிடையாது. பெனால்டி கிடையாது, அது 1891ல்தான் வந்தது. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. காலில் அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், இல்லாவிட்டால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். கோல்கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கு வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். இன்னொரு வேடிக்கை, லீக் ஆரம்பித்தபோது புள்ளிகளை எப்படிக் கணக்கிடுவது என்றே முடிவாகவில்லை. வெற்றிக்கு இரண்டு, டிராவுக்கு ஒன்று என்று நவம்பரில்தான் தீர்மானித்தார்கள். வினாத்தாள் கொடுத்து இரண்டு மாதம் கழித்து மதிப்பெண் முறையை அறிவித்த மாதிரி.

பிரெஸ்டனுக்கு எந்த முறையானாலும் ஒன்றுதான். முதல் ஆறு ஆட்டமும் வெற்றி. ஏழாவது ஆட்டத்தில் ஆக்ரிங்டன் 0-0 என்று தடுத்து நிறுத்தியது. நவம்பர் 3ஆம் தேதி நாட்ஸ் கவுண்டியை அவர்கள் ஊரிலேயே 7-0. அடுத்த வாரம் ஆஸ்டன் வில்லாவோடு 1-1. இரண்டே நாள் கழித்து ஸ்டோக் அணியை 3-0. டிசம்பர் 26ஆம் தேதி, கோப்பை இறுதியில் தங்களைத் தோற்கடித்த வெஸ்ட் பிராம்விச்சை அவர்கள் மைதானத்திலேயே 5-0. ஜனவரி 5ஆம் தேதி நாட்ஸ் கவுண்டியை 4-1 என்று வென்றபோது, இன்னும் மூன்று ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே பட்டம் உறுதியானது. பிப்ரவரி 9ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் இரண்டாம் இடத்திலிருந்த ஆஸ்டன் வில்லாவையே 2-0 என்று முடித்தார்கள்.

22 ஆட்டம், 18 வெற்றி, 4 டிரா, தோல்வி இல்லை. அடித்தது 74 கோல், வாங்கியது 15. மொத்தம் 40 புள்ளி. வில்லாவுக்கு 29. (பேரா, குறித்துக்கொள்: உன் ஆர்சனல் 38 ஆட்டத்தில் அடித்தது 73.)

கோப்பைப் போட்டி இன்னும் சுத்தம். பூட்டில் 3-0, கிரிம்ஸ்பி 2-0, பர்மிங்காம் செயின்ட் ஜார்ஜஸ் 2-0, அரையிறுதியில் மறுபடி வெஸ்ட் பிராம்விச், 1-0. 1889 மார்ச் 30ஆம் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் இறுதி ஆட்டம். ஆமாம், கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த அதே ஓவல்தான். இருபதாயிரத்துக்கு மேல் கூட்டம். வுல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று வென்றார்கள். டூஹர்ஸ்ட், ஜிம்மி ராஸ், தாம்சன் ஆளுக்கு ஒன்று. ஐந்து ஆட்டம், 11 கோல், வாங்கியது பூஜ்யம். மாணவர் காந்தி அன்று அதே லண்டனில்தான் இருந்தார். ஆட்டம் பார்க்கப் போனதாகச் செய்தி இல்லை.

முதல் கோல் போட்ட ஃபிரெட் டூஹர்ஸ்ட் பள்ளி ஆசிரியர். கூலி வாங்காமல் ஆடியவர். கோல் காத்த மில்ஸ்-ராபர்ட்ஸ் மருத்துவர், வேல்ஸ்காரர். பக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த கூலி ஆட்டக்காரர்கள். கனவான்கள் எதைச் சேர்க்கவே கூடாது என்றார்களோ, அந்த இரண்டும் ஒரே சட்டையில் சேர்ந்து நின்று வென்ற அணி இது. எனக்கு இந்த அணியைப் பிடித்துப்போனதற்குக் காரணம் 74 கோல் இல்லை, இதுதான்.

இந்த வெற்றியில் பங்கு இருந்தும் படத்தில் இல்லாத இருவரையும் சொல்ல வேண்டும். அணியைத் தூக்கி நிறுத்திய நிக் ராஸ், சரியாக அந்த ஒரு சீசனுக்கு மட்டும் எவர்ட்டனுக்குப் போய்விட்டார். தம்பி இரண்டு பட்டம் வாங்கினார், அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து 1890 லீக் பட்டத்தில் பங்கு பெற்றார். 1894ல் காசநோயில் இறந்தபோது வயது 31. இன்னொருவர் ஆர்தர் வார்ட்டன். இன்றைய கானாவில், அக்ராவில் பிறந்தவர். 1886-87ல் பிரெஸ்டன் கோப்பையில் அரையிறுதி வரை போனபோது கோல்கீப்பர் அவர்தான். பிறகு காசுக்கு விளையாடிய முதல் கறுப்பினக் கால்பந்து ஆட்டக்காரர் என்று வரலாற்றில் இடம் பெற்றவர். கடைசிக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து 1930ல் இறந்தார். 1997 வரை அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை.

பேரனிடம் இதுவரை சொன்னேன். இனிச் சொல்வதுதான் மீதி.

1890லும் பிரெஸ்டனே சாம்பியன். அடுத்த மூன்று ஆண்டும் இரண்டாம் இடம். அதோடு சரி. பெரிய நகரங்களின் கிளப்கள் பெரிய மைதானம் கட்டின, அதிகக் கூட்டம் சேர்த்தன, அதிகச் சம்பளம் கொடுத்தன. சூடெல் திறந்த கதவு வழியாகத்தான் அவர்களும் வந்தார்கள். காசு கொடுக்கலாம் என்று ஆனபிறகு அதிகக் காசு இருப்பவன் ஜெயிப்பான். பிரெஸ்டன் நடுத்தர ஊர். 1893ல் கிளப் பங்கு நிறுவனமாக மாறியது, சூடெலின் தனி ஆட்சியும் முடிந்தது.

1895ல் உண்மை வெளியே வந்தது. தான் மேலாளராக இருந்த ஆலையின் கணக்கில் சூடெல் கையாடல் செய்திருந்தார். தொகை 5,326 பவுண்டு. ஒரு ஆலைத் தொழிலாளி ஆயுள் முழுக்க உழைத்தாலும் பார்க்க முடியாத பணம். அதில் பெரும்பகுதி ஆட்டக்காரர்களுக்கும் கிளப்பின் விருந்து உபசரிப்புக்கும் போனது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. நீதிமன்றம் மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. வெளியே வந்தவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். விளையாட்டுச் செய்தியாளராக வேலை பார்த்தார். 1911ல் கேப் டவுனில் இறந்தார். தண்டனை பெற்ற அதே 1895ல்தான், இறுதி ஆட்டத்தின் முதல் கோல் போட்ட ஆசிரியர் டூஹர்ஸ்டும் தன் 31ஆம் வயதில் இறந்தார்.

1884ல் "ஆமாம், கொடுக்கிறோம்" என்று சபையில் உண்மை சொன்ன அதே மனிதர்தான், ஆலைக் கணக்கில் பொய் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நாள் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில்கூடச் சொல்லாத விஷயம்.

1987. நான் வேலை பார்த்த பள்ளியின் கால்பந்து அணி மாவட்ட இறுதி ஆட்டத்துக்குப் போனது. வெளியூரில் ஆட்டம், இரண்டு நாள் தங்க வேண்டும். விளையாட்டு நிதி வந்து சேரவில்லை. பையன்களின் அப்பாக்களிடம் கேட்க முடியாது, பாதிப் பேர் வீட்டில் அன்றாடம் கூலி வந்தால்தான் அடுப்பு எரியும். நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பத்திரிகைச் சந்தாவுக்கு வைத்திருந்த பணத்தில் 300 ரூபாய் எடுத்தேன். பஸ் கட்டணம், இரண்டு நாள் சாப்பாடு, மூன்று பேருக்குக் காலணி. அடுத்த மாதச் சம்பளத்தில் முழுதும் திருப்பி வைத்துவிட்டேன். நடுவில் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் தலைமையாசிரியர் நூலகக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால்? யாரும் கேட்கவில்லை. அணி 2-1 என்று தோற்றுத் திரும்பியது. அந்தப் பையன்களில் இருவர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். தம்பிகளா, நீங்கள் சாப்பிட்ட பரோட்டா நூலகக் காசு.

அன்று நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: நான் எனக்காகவா எடுத்தேன்? பிள்ளைகளுக்காகத்தானே! சூடெலும் முதல் தடவை எடுத்தபோது இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் டிக்கெட் வசூல் வந்ததும் வைத்துவிடலாம் என்றும் நினைத்திருப்பார். எனக்கு அடுத்த மாதச் சம்பளம் வந்தது, தப்பித்தேன். என் அணி தோற்றதும் ஒரு வகையில் நல்லதுதான். ஜெயித்து மாநில அளவுக்குப் போயிருந்தால் இன்னொரு 500 எடுத்திருப்பேனா? மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. ஜெயித்துக்கொண்டே இருப்பவனுக்குத்தான் நிறுத்துவது கஷ்டம்.

அதனால் சூடெலைத் திருடன் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்க என்னால் முடியவில்லை. அதே நேரம், ஊருக்காகத்தானே செய்தார் என்று விட்டுவிடவும் கூடாது. அந்த 5,326 பவுண்டு ஆகாயத்திலிருந்து விழவில்லை. முதலாளியின் பெட்டியிலிருந்து எடுத்ததுதான், ஆனால் அந்தப் பெட்டியை நிரப்பியது தறி ஓட்டிய ஆணும் பெண்ணும், அந்தத் துணியை வாங்கிய நம்மைப் போன்றவர்களும். யாரைக் கேட்காமல் எடுக்கிறோமோ அவர்களுக்கும் அந்தக் கோப்பையில் பங்கு உண்டு. அவர்கள் பெயரை யாரும் பொறிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்த காந்தி லங்காஷயருக்குப் போனார். பிரெஸ்டனுக்குக் கொஞ்ச தூரத்திலுள்ள டார்வெனில் தங்கினார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை போன ஆலைத் தொழிலாளிகளை நேரில் பார்த்தார். எதிரியை வரவேற்பதுபோல் இல்லை, அந்தப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்யும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தங்கள் கூலி எதனால் போனது என்று அவரே முகத்துக்கு நேராகச் சொன்னதை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். உண்மையை நேரில் சொன்னால் கேட்கிற ஊர்கள் அவை. சூடெல் அதை 1884ல் தெரிந்துவைத்திருந்தார். காசு பத்தவில்லை, இனி இந்த அணியை நம்மால் தாங்க முடியாது என்று பின்னாலும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். பட்டம் போயிருக்கும், அவர் போயிருக்க மாட்டார்.

டீப்டேல் மைதானம் இன்றும் இருக்கிறது. பிரெஸ்டன் இன்றும் அங்கேதான் ஆடுகிறது. ஒரே மைதானத்தில் இவ்வளவு காலம் தொடர்ந்து ஆடிவரும் தொழில்முறைக் கிளப் வேறு இல்லை என்பார்கள். அங்குள்ள ஒரு பகுதிக்கு "இன்வின்சிபிள்ஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேரன் பெரியவனாகி இங்கிலாந்து போனால் லண்டனில் தன் சிவப்பு அணியைப் பார்த்துவிட்டு, ரயில் ஏறி வடக்கே பிரெஸ்டனுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். தாத்தாவின் வேண்டுகோள்.

வழக்கம்போல் கடைசியில் ஒரு கேள்வி. ஐந்து மதிப்பெண்:

வில்லியம் சூடெலை வரலாறு எந்த வரிசையில் வைக்க வேண்டும்? காரணம் கூறுக.

விடையைக் கீழே எழுதுங்கள். "நல்லவர்", "கெட்டவர்" என்று ஒரு சொல்லில் எழுதுபவர்களுக்கு மதிப்பெண் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். இப்போது பல பேர் கையில் அலுவலகக் கணக்கு, சங்கக் கணக்கு, கோயில் திருவிழாக் கணக்கு எல்லாம் இருக்கிறது. அவர்கள் விடையைக் கொஞ்சம் யோசித்து எழுதவும்.

இந்த மாதம் நான் படித்த பள்ளியின் நூலகத்துக்கு ஒரு ஆண்டுப் பத்திரிகைச் சந்தா கட்டியிருக்கிறேன். 1987ல் வேலை பார்த்த பள்ளிக்கும் சேர்த்தே. கணக்கு தீர்ந்ததாக நினைக்கவில்லை. இருந்தாலும் கட்டினேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்